திருமதி வீஸ் என்ற பெயரில் ஆறு வருடம்

சுவிசில் ஆரா என்ற ஊரில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களின் கண்காட்சி ஒன்று நடக்கிறது. போன சனிக்கிழமை போனேன். கதைகளில் எனக்கு அக்கறை இல்லை. பின்னட்டை விளம்பரங்களுக்கென்று தனியாக ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நான் ஒரு காலத்தில் கைநிறைய அள்ளிப் பொதி செய்த சாமான்கள். எலும்பு தெரியும் கண்ணாடி, அரிப்புத் தூள், பிறர் மனதை வசப்படுத்தும் சுழல்தட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஏதோ மன்னர் காலத்து வாள் போல, அளவும் மூலப்பொருளும் எழுதிய சிறு அட்டை. விளக்கம் சொன்ன மாணவி ஒரு கடிதத்தைக் காட்டி, "வாடிக்கையாளர் முறைப்பாடுகளுக்குத் திருமதி வீஸ் என்பவர் பதில் எழுதினார். அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை" என்றார்.

நான் கையை உயர்த்தி, "அது நான்தான்" என்றேன்.

மாணவி என் மீசையைப் பார்த்தார். பிறகு பொறுப்பாளரைக் கூட்டி வந்தார். பொறுப்பாளர் முதலில் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். வயதானவர் குழம்பிப்போனார் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு, முதுகு வலியால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான். அந்த வருடங்களின் நாட்குறிப்புகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன என்றதும் கதிரையோடு கோப்பியும் வந்தது. எழுதித் தரச் சொன்னார்கள். ஜேர்மனில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சுவிசுக்கு அகதியாக வந்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. முகாம், மொழி வகுப்பு, உணவகத்தில் கோப்பை கழுவல் எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான், விடுகிறேன். இரண்டாம் வருடம் லாங்கன்தாலில் ஒரு தபால் வணிக நிறுவனத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. கைவசம் இருந்தது தற்காலிக வதிவிட அனுமதி. வேலை இருந்தால் அதைப் புதுப்பிப்பது சுலபம், இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும்.

நிறுவனத்தின் முதலாளி சௌக் ஐம்பது வயதுக்காரர். மேசையில் எப்போதும் ஓர் அடிமட்டமும் ஓர் அப்பிளும் இருக்கும். அப்பிளைக் கத்தியால் எட்டாக வெட்டி, துண்டுகளை அடிமட்டத்துக்குச் சமாந்தரமாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு அலுமாரி நிறைய அமெரிக்கச் சித்திரக்கதைகள் வைத்திருந்தார். கதைப் பக்கங்களைப் பசையால் ஒட்டி மூடியிருந்தார், குறுக்கே வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று.

"கதை என்பது விளம்பரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற காகிதம்" என்பார்.

அவர் சொல்லித்தான் இந்தத் தொழிலின் வரலாறு எனக்குத் தெரியும். தீப்பெட்டி அளவு சதுரங்கள். ஒரு பக்கத்தில் முப்பது, நாற்பது சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குறுதி, கீழே வெட்டி அனுப்பக் கூப்பன். சிறுவர்களுக்கு வேடிக்கைச் சாமான், அவர்களின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் வளர்ந்தவர்களுக்குத் தன்னை உயர்த்தும் பயிற்சி. மெலிந்தவனுக்குத் தசை, கூச்சக்காரனுக்குக் கவர்ச்சி, மறதிக்காரனுக்கு ஞாபகம், கட்டையனுக்கு உயரம். அமெரிக்காவில் ஓய்ந்துபோனதை அவர் ஜேர்மனில் மொழிபெயர்த்து, இங்குள்ள புத்தகங்களின் பின்பக்கத்தில் போட்டார்.

சாமான்களின் உண்மையை முதல் கிழமையே கைகளால் தெரிந்துகொண்டேன். எலும்பு தெரியும் கண்ணாடி என்பது மட்டையில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் ஒட்டிய கோழி இறகு. இறகின் ஊடாகப் பார்த்தால் எதைச் சுற்றியும் ஒரு நிழல் தெரியும். அதுதான் எலும்பு. இரண்டு மீற்றர் ஆவி என்பது ஒரு பலூன், ஒரு வெள்ளைப் பொலித்தீன் விரிப்பு, நூல். அரிப்புத் தூள் காட்டு ரோசாக் காயின் உள்மயிர். அதை நிரப்பும் நாட்களில் நாங்களே சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம்.

தண்ணீரில் போட்டால் உயிர்பெறும் கடல் மனிதர்கள் என்று ஒன்று இருந்தது. படத்தில் முடிசூடிய ஒரு குடும்பம், தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். முட்டைத் தூளைக் கண்ணாடிக் குவளையில் போட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். சௌக்கிடம் போய், "ஐயா, இது கூனி இறால். எங்கள் ஊரில் காயவைத்துச் சம்பலுக்குப் போடுவோம்" என்றேன். அவர், "ருசியாக இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "இதை வாடிக்கையாளரிடம் சொல்லாதே" என்றார்.

காலை ஒன்பது மணி இடைவேளையில் நான் நாட்குறிப்பு எழுதுவதை ஒரு நாள் கண்டார். கட்டம் போட்ட கொப்பி, சிறிய எழுத்து.

"தினமும் எழுதுவாயா?"

"தினமும்."

"என்ன எழுதுவாய்?"

"நடந்ததை."

"இங்கே ஒன்றும் நடப்பதில்லையே."

"அதையும் எழுதுவேன்."

அடுத்த திங்கட்கிழமை என்னை முறைப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றினார். முறைப்பாட்டுப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கோப்பு, ஒரு இறப்பர் முத்திரை. கோப்பில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை இலக்கமிட்ட அச்சடித்த கடிதங்கள். முத்திரையில் "இ. வீஸ், வாடிக்கையாளர் பராமரிப்பு" என்ற அழகான சாய்ந்த கையெழுத்து. உண்மையான திருமதி வீஸ் கலியாணம் கட்டி ஆர்ஜென்ரீனாவுக்குப் போய்ப் பல வருடம். முத்திரை நல்ல நிலையில் இருந்ததால் சௌக் அவரை வேலையை விட்டு விலக விடவில்லை.

நடைமுறை இதுதான். வந்த கடிதத்தைச் சிவப்புப் பேனையோடு வாசிக்க வேண்டும். முறைப்பாட்டின் வகையைக் கண்டுபிடித்துப் பொருத்தமான இலக்கத்தை மூலையில் எழுத வேண்டும். அச்சுக் கடிதத்தில் பெயரைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, பிரதியைக் கோப்பில் போட வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. உடைந்து வந்தால் இலக்கம் இரண்டு. பயிற்சி பற்றிச் சந்தேகம் என்றால் இலக்கம் மூன்று. பலன் இல்லை என்றால் இலக்கம் ஏழு. ஏழில் இப்படி இருக்கும்: "அன்புள்ள நண்பரே, மனந்தளர வேண்டாம். விடாமுயற்சி உள்ளவர்களுக்கே பலன் கிட்டும். உங்கள் மீது எமக்கு நம்பிக்கை உண்டு." நான் அனுப்பியதில் பாதிக்கு மேல் ஏழுதான்.

அப்படி இருக்கும்போது இன்டர்லாக்கனில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் உயரப் பயிற்சியை வாங்கியவர். ஜேர்மனில்தான் எழுதியிருந்தார். முதல் வரி: "நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்." மொத்த சுவிசிலும் முறைப்பாட்டுக் கடிதத்தை அப்படித் தொடங்கக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். கீழே பெயர் குகதாசன், ஹோட்டல் சமையலறை உதவியாளர். வெள்ளிக்கிழமை விரத நாளில் தொங்கலாமா என்று கேட்டிருந்தார்.

உயரப் பயிற்சியைச் சொல்ல வேண்டும். பதினாறு பக்கக் கையேடு, கைபிடி வைத்த இறப்பர் பட்டி, சுவரில் ஒட்டும் காகித அளவுநாடா. தினமும் இருபது நிமிடம் கதவு நிலைக் கம்பியில் தொங்க வேண்டும், பன்னிரண்டு வாரம். "ஐந்து சென்ரிமீற்றர் வரை" என்று விளம்பரத்தில் இருக்கும். சௌக்குக்கு மிகப் பிடித்த சொல் "வரை". பூச்சியமும் ஐந்து வரைக்குள் அடங்கும் என்பார்.

குகதாசனுக்கு இலக்கம் மூன்றை அனுப்பினேன். இரண்டாவது கடிதம் நாலு வாரம் கழித்து. இன்னும் வளரவில்லை, ஆனாலும் திருமதி வீஸின் அன்பான பதில் உற்சாகம் தந்தது என்று எழுதியிருந்தார். இலக்கம் ஏழு. மூன்றாவது எட்டாம் வாரம். அதில் விசயத்தைச் சொல்லிவிட்டார். ஆராவில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கும் ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறார்கள். படம் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. விவரக் கடிதத்தில் தன் உயரம் நூற்று அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டார். பெண் நூற்று அறுபத்திமூன்று. அடுத்த மாதம் நேரில் பார்க்கப் போக வேண்டும். "இதை நான் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. பணம் திருப்பித் தர வேண்டாம். தயவுசெய்து சென்ரிமீற்றர் தரவும்."

என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றே தெரியும். தொலைபேசி எடுத்து, "தம்பி, இறங்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. அனுமதி புதுப்பிக்கும் மாதம் அது. மூலையில் ஏழு என்று எழுதி முத்திரை குத்தினேன். அன்றைய நாட்குறிப்பில், "இன்டர்லாக்கன், உயரம், 7" என்று மட்டும் இருக்கிறது. வழக்கமாக நான் அவ்வளவு சுருக்கமாக எழுதுவதில்லை.

நாலாவது கடிதம் எங்கள் நிறுவன வரலாற்றில் இல்லாத முறைப்பாடு. பன்னிரண்டு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் தொங்கியிருக்கிறார். தொடங்கும்போது நூற்று அறுபத்திரண்டரை. முடிக்கும்போது நூற்று அறுபத்தொன்று. ஆள் ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைந்துவிட்டார். வரும் புதன்கிழமை விடுமுறையில் திருமதி வீஸை நேரில் பார்க்க வருவதாகவும் எழுதியிருந்தார்.

கோப்பைப் புரட்டினேன். குறைந்தவர்களுக்கு இலக்கம் இல்லை. சௌக்கிடம் கொண்டுபோனேன். அவர் கத்தியை வைத்துவிட்டு இரண்டு முறை வாசித்தார்.

"முதல் அளவை எப்போது எடுத்தார்?"

"தெரியாது ஐயா."

"கையேட்டின் இரண்டாம் பக்கத்தைப் படி."

படித்தேன். முதல் அளவை மாலையில், வேலை முடிந்து வந்ததும் எடுக்கவும். இறுதி அளவைக் காலையில், எழுந்த உடனே எடுக்கவும்.

"மனிதன் நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கும். படுத்து எழும்பினால் நீளும்" என்றார் சௌக். "மாலையில் தொடங்கிக் காலையில் முடித்தால் எவனும் வளர்ந்திருப்பான். நாங்கள் பொய் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறோம்." முகத்தில் அவ்வளவு பெருமை. அப்பிள் துண்டு ஒன்றை எனக்கும் தந்தார். அதுவே முதலும் கடைசியும்.

அன்று பின்னேரம் வீட்டுச் சுவரில் என்னை அளந்தேன். மறுநாள் காலை மறுபடி அளந்தேன். ஒன்று தசம் நாலு சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தேன், கம்பியில் தொங்காமலே.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தடித்த அடி வைத்த சப்பாத்தோடு ஓர் இளைஞர், கையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி.

"அட, அண்ணை தமிழோ? நல்லதாப் போச்சு. மிசிஸ் வீஸ் நிக்கிறாவோ?"

"என்ன விசயம்?"

"அவவோட மட்டும்தான் கதைக்கோணும். குறை நினைக்காதேங்கோ. இது அவவுக்கு, நான் செய்த ரோல்ஸ். உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான், வெள்ளைக்காரர் எல்லே."

உள்ளே கூட்டிப்போய் என் மேசைக்கு முன்னால் இருத்தினேன். முத்திரையை எடுத்து ஒரு வெற்றுத் தாளில் குத்தி அவர் பக்கம் திருப்பினேன்.

"நான்தான் மிசிஸ் வீஸ்."

அவர் முத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பகிடியில்லை."

"அப்ப அந்த மூண்டு கடிதமும்?"

"நான்தான் அனுப்பினனான்."

"'அன்புள்ள நண்பரே' எண்டு போட்டது?"

"அது அச்சடிச்சது."

"'உங்கள் மீது எமக்கு நம்பிக்கை உண்டு' எண்டது?"

"அதுவும் அச்சடிச்சதுதான் தம்பி."

அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு ரோல்ஸை எடுத்துத் தானே கடித்தார். "உங்களுக்கு இல்லை. இது அவவுக்குக் கொண்டந்தது" என்றார். முழுவதையும் மென்று முடித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தக் கடிதத்தை நான் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுத்தனான்" என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு ஜேர்மனில் மூன்று வாக்கியம் மனப்பாடம். தமிழில் ஒன்றும் வரவில்லை. எழும்பி, நீளப் பொதிகளை அளக்கும் மரச்சட்டத்தில் அவரைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன். நூற்று அறுபத்திரண்டு. காலை, மாலை விசயத்தை விளக்கினேன்.

"கையேட்டில பின்னேரம் அளந்து தொடங்கச் சொல்லித்தானே இருக்கு. ஏன் காலமை அளந்தனீங்கள்?"

"என்ன அண்ணை கதைக்கிறியள்? பொழுதுபடுற நேரத்தில ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமோ? அதுவும் வளர்ச்சிக்கு? பஞ்சாங்கம் பாத்து, வியாழக்கிழமை விடியக் குளிச்சு, விபூதி பூசிக் கிழக்கால பாத்து நிண்டு அளந்தனான்."

"முடிவு?"

"அண்டைக்குச் சமையலறையில பதின்நாலு மணித்தியால வேலை. வந்து சப்பாத்தைக் கழட்டின கையோட அளந்தனான். விடியுமட்டும் பொறுக்க ஏலேல்லை."

உலகத்தின் எல்லா மூலைகளிலும் வேலை செய்த ஒரு தந்திரம் எங்கள் நல்ல நேரத்தில் போய் முட்டி உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"வாற ஞாயிறு ஆராவுக்குப் போகோணும்" என்றார். "ஒரு உதவி செய்யுங்கோ. கொம்பனித் தலைப்புப் போட்ட தாளில ஒரு உறுதிக் கடிதம் தாங்கோ. வளர்ச்சி நடந்துகொண்டிருக்குது, மிச்சம் பிறகு வரும் எண்டு. இந்த நாட்டில கடிதம் இருந்தா ஆரும் கேள்வி கேக்கமாட்டினம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வீடு, வேலை, நோய், பூனை எல்லாவற்றுக்கும் இங்கே உறுதிக் கடிதம் உண்டு. தலைப்புத் தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றினேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக இலக்கம் இல்லாத ஒரு கடிதத்தை அடித்தேன்:

"அன்புள்ள திரு. குகதாசன், இன்று உங்களை அளந்தேன். உங்கள் உயரம் காலையில் 162.5, மாலையில் 161, முற்பகல் பதினொரு மணிக்கு 162. எமது பயிற்சி இதுவரை எவரையும் வளர்த்ததில்லை. பன்னிரண்டு வாரத்தில் ஒரு நாளும் தவறாமல் அதைச் செய்தீர்கள் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். குறை பயிற்சியில், உங்களில் அல்ல."

முத்திரை குத்தி நீட்டினேன். வாசித்தார்.

"இதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"அவவிட்டக் குடுங்கோ."

"உங்களுக்கு விசரோ?" என்றார். ஆனால் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், என் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது ரோல்ஸ் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்ததா, தந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. நாட்குறிப்பில் "ரோல்ஸ், ஐந்து" என்று எழுதியிருக்கிறேன்.

விதிப்படி பிரதியைக் கோப்பில் போட்டேன். வெள்ளிக்கிழமை சௌக் அதைக் கண்டார். என்னைக் கூப்பிட்டார். அனுமதி அட்டை, வாடகை ஒப்பந்தம், அடுத்த மாதம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவர் கடிதத்தின் ஓரங்களை அடிமட்டத்தால் அளந்தார்.

"இடப்பக்க ஓரம் சரியாக இருக்கிறது" என்றார். பிறகு, "ஒவ்வொரு சொல்லும் நிரூபிக்கக்கூடியதா?"

"ஓம் ஐயா, மூன்று அளவும் சரி."

மூலையில் பன்னிரண்டு என்று இலக்கமிட்டுக் கோப்பின் கடைசியில் வைத்தார். "இனி இதைப் பாவிக்காதே" என்றார். அடுத்த பதிப்புக் கையேட்டில், முதல் அளவை மாலையில் மட்டுமே எடுக்க வேண்டும் என்ற வரி தடித்த எழுத்தில் வந்தது, இரண்டு ஆச்சரியக்குறியோடு. அவ்வளவுதான் தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. குகதாசன்.

"அண்ணை, நீங்கள் இப்பவே ஒருக்கா ஆராவுக்கு வரோணும்."

"ஏன், கடிதத்தைக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். உயரத்தை விட்டிட்டினம். இப்ப மிசிஸ் வீஸ் ஆரெண்டு கேக்கினம்."

ரயிலில் முப்பது நிமிடம்தான். கதவைத் திறந்தவர் பெண்ணின் அண்ணன். வரவேற்பறையில் பெண், பெயர் சுகந்தி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை. கையில் என் கடிதம். குகதாசன் கதிரையின் நுனியில் இருந்தார்.

"இவர்தான் மிசிஸ் வீஸ்" என்றார் குகதாசன்.

சுகந்தி என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஒரு வெள்ளைக்காரி இவருக்கு மூண்டு கடிதம் போட்டிருக்கிறா, பிறகு ஆளை நிப்பாட்டி வைச்சு அளந்தும் பாத்திருக்கிறா எண்டு அண்ணை கத்துறார்" என்றார். "நீங்களோ அது?"

"ஓம்."

"மீசையோட?"

"மீசை எப்பவும் இருந்தது."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகந்தி எழும்பி நின்றார். அப்போதுதான் கவனித்தேன். பொதிகளை அளந்து பழகிய கண். அந்தப் பெண் நூற்று அறுபத்திமூன்று இல்லை.

"நூற்று அறுபத்தேழு" என்றார் சுகந்தி, நான் கேட்காமலே. "அண்ணைதான் நாலைக் குறைச்சு எழுதினவர். நெட்டைப் பொம்பிளை எண்டா ஒருத்தரும் வராயினமாம்."

அண்ணன் தேத்தண்ணி கொண்டுவரப் போகிறேன் என்று உள்ளே போனார்.

"உங்கட கொம்பனியில உயரம் குறைக்கிற பயிற்சி ஏதும் இருக்கோ?" என்று சுகந்தி கேட்டார்.

"அதே பயிற்சிதான்" என்றேன். "காலமை அளந்து தொடங்கோணும், பின்னேரம் அளந்து முடிக்கோணும்."

அவர் கடிதத்தை மறுபடி வாசித்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"பன்னிரண்டு கிழமையும் ஒரு நாளும் தவறேல்லை எண்டிருக்கே. இது உண்மையோ?"

"அதை அவர்தான் சொன்னவர். ஆனா தொங்கினதில இரண்டு உள்ளங்கையும் காய்ச்சுப்போய் இருக்கு. பாத்தனான்."

சுகந்தி குகதாசனின் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அவர் காட்டினார்.

"காணும், எனக்கு இது போதும்" என்றார் சுகந்தி.

சௌக் இப்போது இல்லை. அவருடைய சதுரங்கள் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டன. இருபத்தொரு நாளில் தன்னம்பிக்கை, முப்பது நாளில் வயிறு. முறைப்பாடு எழுதினால் ஒரு இயந்திரம் பதில் சொல்கிறது, அதற்கும் பெண் பெயர்தான். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கடிதம் நான்காக மடித்த தடத்தோடு இருக்கிறது. இரவல் தந்தவர்கள் ஆராவில் வசிக்கும் ஒரு குடும்பம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். திருமதி வீஸ் யார் என்பதை அந்தக் குடும்பம் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். கலியாணத்தைப் பதிவு செய்யும்போது உயரம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் குகதாசனைக் காலையிலும், சுகந்தியைப் பின்னேரத்திலும் போகச் சொல்லியிருப்பேன்.